நாள் எண்ணினார்கள், பேர் எழுதவில்லை

மொரீஷியஸில் இருக்கும் ஒரு தமிழர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேட நினைத்தால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு எண் உண்டு. எண்ணைப் பிடித்துவிட்டால் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஊர் எல்லாம் வரும். சிலருக்குப் புகைப்படமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1860 முதல் 1911 வரை இறங்கிய 152,184 பேரின் கப்பல் பட்டியல் இன்றும் இருக்கிறது. உடம்பிலிருந்த தழும்பைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். மலேசியாவில், மலாக்காவின் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே தாமானில் குடியேறிய பிறகு குடும்ப வரலாறு தேடுவதுதான் என் வேலை. முதலில் என் குடும்பத்துக்காகத் தேடினேன். பிறகு கோயிலில் பார்த்தவர்கள், கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் தாத்தாவின் அடையாள அட்டையையும் (ஐ.சி.) பாட்டியின் பிறப்புப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, கப்பல்ல வந்தவங்க பேரு எங்க இருக்கு?” அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். இத்தனை வருடம் இன்ன முதலாளியிடம் வேலை செய்வேன் என்று கைநாட்டு வைத்தவர்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அரசாங்கம் அவர்களை அங்க அடையாளத்தோடு எழுதி வைத்தது. மலாயாவிலும், முக்கியமாக வடக்கே பிராவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களில், ஒப்பந்த முறை இருந்தது. அது 1910-இல் நின்றுபோனது. ரப்பர் காலத்தில் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி அழைத்து வந்தவர்கள். கங்காணி தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்குப் போவார், உறவிலும் பக்கத்து ஊரிலும் ஆள் சேர்ப்பார், நாகப்பட்டினத்திலோ சென்னைக்கருகே ஆவடியிலோ இருந்த டிப்போவில் கொண்டுபோய் விடுவார். வந்திறங்கியவர் சட்டப்படி ‘சுதந்திரக் கூலி’. ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையை விடலாம். பிடித்து வைக்க வேண்டிய ஆள் இல்லையென்றால் அங்க அடையாளம் எதற்கு?

1907-இல் தமிழர் குடிவரவு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் கப்பல் செலவு. எவ்வளவு கட்டுவது என்பதை, தோட்டத்தில் கூலிகள் மொத்தம் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்கை வைத்து முடிவு செய்தார்கள். தோட்டம் அரசாங்கத்துக்கு அனுப்பியது நாட்கணக்கு. அதில் முனியன், மாரி, செல்லம்மா என்று எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. எங்கள் முன்னோர் பேரோடு கிடைக்காமல் தொகையாகக் கிடைப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேரைக் கேட்டு எழுதியவர்கள் வேறு சிலர். அவர்கள் யார், எதற்காக எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் ஆள் தோட்டத்துக் கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, செக்ரோலில் பேருக்கு நேராக ஒன்று அல்லது அரை என்று போடுவது எங்கள் வேலை. கங்காணி காலத்தில் அந்தப் பேரேடு கங்காணி வாரியாகப் பிரிந்திருக்கும். இன்ன கங்காணியின் ஆட்கள் என்று தலைப்பு, அதன் கீழே பேர்கள். கங்காணிக்கு அவருடைய ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு 2 காசு வழக்கமாகக் கிடைத்தது. அந்தத் தலைக்காசு இருந்ததால்தான் பேர் விடாமல் எழுதினார்கள். பழைய செக்ரோல் ஒரு பக்கம் கையில் கிடைத்தால் உங்கள் தாத்தாவின் பேரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மேலும் கீழும் இருக்கும் பேர்களையும் நகல் எடுங்கள். ஒரே கங்காணியின் கீழ் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஆட்கள், பலர் மாமன் மச்சான். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் அவருக்கு இரண்டு வரி கீழே இருந்தவரின் பேரப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம்.

செக்ரோல்கள் எங்கே போயின என்பதைச் சொல்வது எனக்குக் கஷ்டமான விஷயம். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் ஆங்கிலேயத் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கம்பெனிகள் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆபீஸ் அலமாரி காலியானது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய பேரேடுகளை லோரியில் ஏற்றிக் குழியில் கொட்டி எரித்தார்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய வருடங்கள் கடந்துவிட்டன என்றார்கள். மேல் அட்டையில் 1930-கள் என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. ஓய்வு பெற்ற கிராணிகளின் வீட்டில், மண்டோர் வீட்டில், தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் வீட்டில் ஒன்றிரண்டு ஏடுகள் இருக்கின்றன. 1951-இல் சட்டமாகி வந்த சேமநிதியில், ஈ.பி.எஃப். என்று நாம் சொல்வதில், வாரிசு எழுதிய பாரங்களின் நகல்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. வாரிசு என்று யார் பேரை எழுதினார்களோ அவர்கள்தான் அந்தக் குடும்பத்தின் உண்மையான உறவுப் பட்டியல்.

இரண்டாவது ஆள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். 1920-களின் தொழிலாளர் சட்டங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றன. சில இடங்களில் ஒரு கொட்டகையும் ஒரு கிராணியும்தான் பள்ளி. ஆனால் சேர்க்கைப் பதிவேடு இருந்தது. பிள்ளையின் பேர், தகப்பன் பேர், வேலை, பிறந்த நாள், முன்பு படித்த பள்ளி. இந்தக் கடைசிக் கலம் தங்கம். குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்பது அதில்தான் தெரியும். நம் ஆட்கள் ஒரே இடத்தில் இருந்தவர்கள் இல்லை. கடேக்கில் சண்டை என்றால் தெபோங், அங்கே ரப்பர் பால் விலை சரியில்லை என்றால் புலாவ் செபாங், பிறகு ரெம்பாவ் பக்கம்.

ரெம்பாவ் பக்கம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் குடும்ப வரலாற்றில் அந்த எல்லை பெரிய விஷயம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து சற்று வடக்கே போனால் நெகிரி செம்பிலான். மலாக்கா அன்று நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்தது, நேரடி பிரிட்டிஷ் மண். நெகிரி செம்பிலான் மலாய் அரசரின் நாடு, கூட்டு மாநிலங்களில் ஒன்று. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. அந்தப் பக்கத்து லயத்தில் பிறந்த அதன் தம்பிக்கு அந்த உரிமை அதே மாதிரி வரவில்லை. பின்னால் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது அண்ணனுக்கு நீல ஐ.சி.யும் தம்பிக்குச் சிவப்பு ஐ.சி.யும் கிடைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 1968-இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில்கூட இருக்க முடியாது என்று ஆனபோது, அப்படிப்பட்ட தம்பிகள் பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள். அதனால் தாத்தாவின் பிறப்பைத் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கத்துத் தோட்டம் என்பதைத்தான். பிறப்பு, இறப்புப் பத்திரங்களின் நகலுக்குத் தேசியப் பதிவிலாகாவில், ஜே.பி.என்.னில், மனுச் செய்யலாம். போகும்போது பேரை நாலைந்து விதமாக எழுதிக்கொண்டு போங்கள். பதிந்தவர் பல நேரம் மலையாளக் கிராணி அல்லது யாழ்ப்பாணத்துக் கிராணி, காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியவர். என் பாட்டி முனியம்மா ஒரு காகிதத்தில் மினியம்மை, இன்னொன்றில் மூனியாமா, சாவுப் பத்திரத்தில் மூனியம்மாள்.

கல்யாணப் பத்திரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1976-இல் வந்த திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டினால் போதும். தாத்தா பாட்டி கல்யாணம் அரசாங்கத்தில் பெரும்பாலும் பதிவாகியிருக்காது.

அது பதிவான இடம் மொய் நோட்டு. என் அபிப்பிராயத்தில் மலேசியத் தமிழர் குடும்ப வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. பிள்ளையார் சுழி, தேதி, யார் வீட்டு விசேஷம், பிறகு வரிசையாகப் பேர், தோட்டம், தொகை. அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. எங்கள் வீட்டு நோட்டில் முதலில் தாய்மாமன் சீர், பிறகு அத்தை வீடு, பிறகு பங்காளிகள், அதன் பிறகு லயத்து ஆட்கள். நம் ஐ.சி.யில் அ/லெ, அ/பெ என்று தகப்பன் பேர் மட்டும்தான் வரும். அம்மா எந்த வீட்டுப் பெண் என்பது இரண்டு தலைமுறையில் மறைந்துபோகும். மொய் நோட்டின் முதல் வரி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஐந்து வெள்ளி போட்டவர் யார் என்று இப்போது தெரியாமல் இருக்கலாம். அடுத்த விசேஷ நோட்டில் அதே ஆள் எந்த இடத்தில் வருகிறார் என்று பாருங்கள், உறவு புலப்படும். ஒரு வீட்டின் கல்யாணம், காது குத்து, கருமாதி நோட்டுகளை அடுக்கிப் பார்த்தால், ஒருவர் ரும்பியாவிலிருந்து தம்பினுக்கு மாறியதும், ஒரு குடும்பம் திடீரென்று வருவதை நிறுத்தியதும் தெரியும். ஏன் நின்றது என்று கேட்டால் ஒரு சண்டையின் கதை வரும், அல்லது ஒரு சாவின் கதை. கரையான் அரிப்பதற்குள் இந்த நோட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கம் பக்கமாக, மேல் அட்டையையும் சேர்த்து.

வயது சொல்லத் தெரியாத பெரியவர்களிடம் வருடம் கேட்டால் பதில் வராது. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்க வேண்டும். எல்லோரும் ‘ரஜூலாவில் வந்தோம்’ என்பார்கள். ரஜூலா கப்பல் 1926-இல்தான் கடலுக்கு வந்தது. 1938 ஜூன் 15-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுப் போகும் கூலிப் பயணத்தை மலாயாவுக்குத் தடை செய்தது. அப்படியானால் கங்காணியோடு ரஜூலாவில் வந்ததாகச் சொல்லும் பாட்டி அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும். அதற்கு முன் வந்தவர் என்று வேறு ஆதாரம் சொன்னால் கப்பலின் பேரைத்தான் சந்தேகிக்க வேண்டும், பாட்டியை இல்லை. பிறகு ஜப்பான்காரன் காலம், வாழைக்காய் நோட்டு, கம்யூனிஸ்டு காலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டது, 1956 பிப்ரவரி 20-இல் மலாக்காத் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா (சுதந்திர) தேதியை அறிவித்தது. இவற்றைச் சொல்லிக் கேட்டால், “அப்ப உங்கப்பன் என் இடுப்புல இருந்தான்” என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான் காலத்தில் ஒரு தலைமுறை ஆண்களின் கோடு அறுந்துபோகிறது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர் சுமார் 75,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்கார வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பேர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. தம்பினிலிருந்து மலாக்கா டவுனுக்கு 1905-இல் போட்ட கிளை ரயில் பாதையையும் ஜப்பானியர் பெயர்த்து எடுத்தார்கள். அந்தத் தண்டவாளம் சயாமுக்குப் போனது என்று சொல்வார்கள். என் சின்னத் தாத்தா அந்தப் பாதையின் வழியாகத்தான் முதன்முதலில் மலாக்காவுக்கு வந்தவர், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அவருக்கு இறப்புப் பத்திரம் இல்லை. குடும்பப் பட்டியலில் அவர் பேருக்கு எதிரே ‘1943, சயாம், வீட்டார் வாய்மொழி’ என்று எழுதி, சொன்னவர் பேரையும் சொன்ன தேதியையும் சேர்த்திருக்கிறேன். காகிதம் இல்லாத இடத்தில் வாய்மொழியே ஆவணம். ஆனால் யார் வாய் என்பதை எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வதந்தியாகிவிடும்.

எப்படிக் கேட்பது என்பதை நான் கற்றது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுத்தான். 1979-இல் தொடங்கிய வேலை அது. தமிழில் பேசியவர்களின் ஒலிப்பதிவுகளும் அதில் உண்டு, பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். கேள்வி கேட்பவர் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்ச் சேகரத்தில் தமிழ் முரசும் இருக்கிறது, மலாக்கா கார்டியன் என்ற பழைய இங்கிலீஷ் பத்திரிகையும் இருக்கிறது. தோட்ட விபத்து, கோர்ட்டுச் செய்தி, கோயில் திருவிழா என்று நம் ஆட்கள் அதில் தலைகாட்டுகிறார்கள். ஆளின் பேரைப் போட்டுத் தேடுவதைவிடத் தோட்டத்தின் பேரைப் போட்டுத் தேடினால் அதிகம் கிடைக்கும். கோலாலம்பூரில் தேட வேண்டிய இடங்கள் தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவும் மலாயாப் பல்கலைக்கழக நூலகமும். பின்னணி புரிய கெர்னியல் சிங் சந்து 1969-இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட நூல்கள் இன்னும் பயன்படும். ஃபேமிலிசர்ச் என்ற இலவச இணையதளம் குடும்ப மரம் போட நல்லது. ஆனால் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை எங்கேயும் பொதுவில் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தேடினால் வேண்டாததும் வரும். சாதி வரும், இரண்டாம் தாரம் வரும், கட்டிக்கொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் வருவார்கள், எடுத்து வளர்த்த பிள்ளை வரும். கங்காணி முறையின் ஆரம்ப காலத்தில் தோட்டங்களில் பெண்கள் குறைவு, குடும்பங்கள் எப்படியெல்லாமோ சேர்ந்து உருவானவை. காகிதத்தில் இருப்பதை நான் திருத்த மாட்டேன். ஆனால் சம்பந்தப்பட்ட பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் முதலில் காட்டாமல் வேறு யாருக்கும் காட்டவும் மாட்டேன். சாதியைத் தேடிப் பெருமை பேசுவதற்காக வருகிறவர்களுக்கு என்னால் உதவ முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகத் தமிழ்நாட்டு ஊர்ப் பக்கம். பழைய காகிதத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று இருந்தால் மலைத்துப்போக வேண்டாம். அது 1989-இல் பிரிந்தது, இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆனது. சேலத்திலிருந்து 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் போயின. திருச்சியிலிருந்து 1995-இல் கரூரும் பெரம்பலூரும். என் தாத்தாவின் 1950-களின் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஆத்தூர் தாலுகா, சேலம் ஜில்லா என்று ஊர்ப் பேரோடு இருந்தது. அதே பேரில் அந்த வட்டாரத்தில் இரண்டு கிராமங்கள். எது எங்கள் ஊர் என்பதை முடிவு செய்தது குலதெய்வம். பாட்டி பிள்ளைகளுக்கு முடியிறக்கும்போது சொன்ன சாமியின் பேர் ஒரு கிராமத்து எல்லையில்தான் இருந்தது. பதிவு அலுவலகத்தில் பழைய வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் கொள்ளுத்தாத்தா தன் பங்கு நிலத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அகப்பட்டது. தம்பியின் வாரிசுகள் அதே தெருவில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் செக்ரோல் நகலையும் பாட்டியின் மொய் நோட்டுப் படங்களையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். கங்காணி ஆள் சேர்க்க வந்தபோது கிராம முன்சீப்பு கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இருந்தது. 1980-இல் பரம்பரை முன்சீப்பு, கர்ணம் பதவிகளை ஒழித்தபோது அந்த வீடுகளில் தங்கிப்போன பழைய கட்டுகள் உண்டு என்கிறார்கள். அந்த ஊரில் முன்சீப்பாக இருந்தவரின் மகன் பக்கத்து டவுனில் இருக்கிறாராம். தை பிறந்ததும் அவரைப் போய்ப் பார்ப்பதாகத் தம்பியின் வாரிசுகள் சொல்லியிருக்கிறார்கள்.